2018-19 ஐ-லீக்: சென்னை சிட்டி கோப்பையை ஜெயித்தது யாரால்?

#1 | கோவை கேலரி

வேறொரு இழையில் படித்த ஒரு வரிதான் இதைத் தொடங்கக் காரணம். "சென்னை சிட்டியா? நாலு ஸ்பெயின்காரர்களைக் கூட்டி வந்தார்கள், கோப்பையை வாங்கினார்கள், அவ்வளவுதான்" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்து லீகில் கோவையைச் சொந்தத் திடலாக வைத்து ஆடிய அணி அது. அந்த சீசனில் கோவை நேரு ஸ்டேடியத்தில் நடந்த பத்து ஆட்டங்களில் எட்டை நேரில் பார்த்தவன் நான். அந்த வரியைச் சும்மா கடந்து போக மனசு வரவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து கிளம்பினோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். 2017-18 சீசனில் பத்து அணிகளில் எட்டாவது இடம். 18 ஆட்டங்களில் 19 புள்ளி. அந்த சீசனின் கடைசி வாரங்களில் பட்டியலைக் கீழிருந்து மேலாகத்தான் படித்தோம். அணியில் பளிச்சென்று தெரிந்தவர் மைக்கேல் சூசைராஜ். அவரும் இன்னொரு பெரிய தேசிய லீகான ஐ.எஸ்.எல். ஆட ஜாம்ஷெட்பூர் போய்விட்டார். அடுத்த சீசன் எப்படி இருக்கும் என்று யாருக்கும் பெரிய எதிர்பார்ப்பு இல்லை.

2018 அக்டோபர் 26. சீசனின் முதல் ஆட்டமே நம்ம ஊரில், இந்தியன் ஏரோஸ் அணியோடு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "இந்தத் தடவையும் கீழே போகாம தப்பிச்சா போதுங்க" என்றார். 4-1 என்று ஜெயித்தோம். அதுவரை பெயரே கேள்விப்படாத பெட்ரோ மான்சி என்பவர் மூன்று கோல் போட்டார்.

மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், பின்களத்தில் ராபர்ட்டோ எஸ்லாவா. இந்த நால்வரைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். நால்வரும் பெரிய கிளப்களில் ஆடிப் புகழ் பெற்றவர்கள் கிடையாது, ஸ்பெயினின் கீழ்ப்பிரிவுகளிலிருந்து வந்தவர்கள். மான்சி பிறந்தது உருகுவேயில். அவர்கள் இல்லாமல் கோப்பை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நாலு பேருக்கு இடம் திறந்து கொடுத்தது யார்? கோட்டோரமாகத் தொண்ணூறு நிமிடமும் ஓடி எதிரணியை இழுத்து விரித்தது யார்? எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார், பிரவிட்டோ ராஜு, விஜய்... இவர்கள் நம்ம பையன்கள். அப்புறம் எல்லாரையும் தரையோடு பந்தைக் கடத்தி ஆட வைத்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ், சிங்கப்பூர்க்காரர்.

கோல் போட்டவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள், சீசனை ஜெயித்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். இதுதான் என் வாதம். மறுப்பவர்கள் மறுக்கலாம், ஆனால் ஆட்டத்தைப் பார்த்தவர்களாக இருந்தால் நன்றாக இருக்கும்.

#2 | கணக்குப்பிள்ளை

கோவை நண்பருக்கு வணக்கம். உணர்ச்சி புரிகிறது. ஆனால் எண்களையும் கொஞ்சம் பார்ப்போம்.

சென்னை சிட்டி: 20 ஆட்டம், 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி, 43 புள்ளி. அடித்தது 48, வாங்கியது 28.
ஈஸ்ட் பெங்கால்: 13 வெற்றி, 3 டிரா, 4 தோல்வி, 42 புள்ளி. அடித்தது 37, வாங்கியது 20.
மூன்றாவது ரியல் காஷ்மீர் 37, நான்காவது சர்ச்சில் பிரதர்ஸ் 34.

48 கோலில் மான்சி ஒருவரே 21. பாதிக்குச் சற்றுக் குறைவு. ஒரு அணியின் பாதி கோலை ஒரே ஆள் போடும்போது "உள்ளூர்ப் பையன்கள் ஜெயித்தார்கள்" என்பதைக் கொஞ்சம் யோசித்துத்தான் ஏற்க வேண்டும். தற்காப்பும் அவ்வளவு இறுக்கம் இல்லை. இரண்டாவது வந்த அணியைவிட எட்டு கோல் அதிகம் வாங்கியிருக்கிறார்கள்.

#3 | எட்டாம் எண்

கணக்குப்பிள்ளை சார், நீங்கள் கொடுத்த பட்டியலிலேயே மறுப்பு இருக்கிறது. அதே சீசனில் 21 கோல் போட்ட இன்னொருவர் உண்டு: சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசா, டிரினிடாட்காரர். மான்சி 21, பிளாசா 21. ஒருவர் அணி முதலிடம், இன்னொருவர் அணி ஒன்பது புள்ளி பின்னால் நான்காமிடம். அப்படியானால் அந்த ஒன்பது புள்ளி எங்கிருந்து வந்தது? 21 கோல் போடும் ஆள் கிடைத்துவிட்டால் கோப்பை தானாக வந்துவிடாது. மீதி 27 கோலை யார் போட்டார்கள், யார் போட வைத்தார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

நான் பள்ளிப் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். அந்த சீசனை அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். அன்றைக்கு நம் நாட்டில் நிறைய அணிகள் ஆடிய விதம் எல்லாருக்கும் தெரியும். கீப்பர் நீளமாக உதைப்பார், முன்னால் உயரமான வெளிநாட்டவர் தலையில் வாங்குவார், கீழே விழும் இரண்டாவது பந்துக்குப் பத்துப் பேர் ஓடுவார்கள். சென்னை சிட்டி பந்தைப் பின்னாலிருந்து கட்டி எடுத்து வந்தது. நெருக்கடி வந்தாலும் உதைத்துத் தள்ளாமல் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்தார்கள். அதில் ஆபத்து உண்டு. 28 கோல் வாங்கியதில் அந்த ஆபத்தின் பங்கும் இருக்கிறது. பயிற்சியாளர் அதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன். இரண்டு வாங்கினால் மூன்று போடுவோம் என்ற துணிச்சல் அது.

இதை ஸ்பெயின்காரர்களால் ஆட முடியும், ஆச்சரியம் இல்லை. ஆனால் நாலு பேர் மட்டும் அப்படி ஆடி மீதி ஏழு பேர் பந்தை உதைத்துக்கொண்டிருந்தால் அந்த ஆட்டம் நிற்காது. நம்ம பையன்கள் அதைச் சில மாதங்களில் கற்றுக்கொண்டார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது அதுதான்.

#4 | தூத்தூர் கடற்கரை

நம்ம பையன்கள் என்று சொன்னதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சூசைராஜ் எங்கள் பக்கத்துப் பையன். குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் தூத்தூர், சின்னத்துறை, இரயுமன்துறை, வள்ளவிளை என்று வரிசையாக இருக்கும் மீனவ ஊர்களில் கால்பந்து இல்லாத மாலை கிடையாது. மணலில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்கள். அதனால் புல்தரையில் ஏறியதும் கால் பறக்கும். சூசைராஜ் போனாலும் அவருடைய அண்ணன் மைக்கேல் ரெஜின் சென்னை சிட்டியில் இருந்தார்.

ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்த விரும்புகிறேன். ஒக்கி புயல் அடித்தது 2017 நவம்பர் கடைசியில். எங்கள் ஊர்களில் கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பி வரவில்லை. அந்த சீசன் தொடங்கும்போது அது நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் எங்கள் பிள்ளைகள் பெயர் நல்ல செய்தியாகப் பேப்பரில் வந்தது எங்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். கோப்பை யாரால் வந்தது என்று கணக்குப் போடுங்கள், தப்பில்லை. ஆனால் யாருக்கெல்லாம் அது தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#5 | வியாசை வடக்கு

வட சென்னையிலிருந்து ஒரு குரல். பெயரில் சென்னை இருந்தாலும் ஆட்டம் முழுக்கக் கோவையில். அதில் எங்களுக்கு அப்போது ஒரு வருத்தம் இருந்தது. வியாசர்பாடியில் தெருவுக்கு நாலு பேர் நன்றாக ஆடுவார்கள், ஆனால் ஐ-லீக் பார்க்க ரயில் ஏற வேண்டும்.

இன்னொரு பக்கம், அதே 2018-19இல் இங்கே ஐ.எஸ்.எல்.லில் சென்னையின் எஃப்.சி. கடைசி இடம். முந்தைய சீசன் சாம்பியன், இந்த சீசன் 18 ஆட்டத்தில் 9 புள்ளி. நகரத்தில் பெரிய அணி சரிந்துகொண்டிருக்க, கோவையில் சின்ன அணி மேலே ஏறிக்கொண்டிருந்தது. வார இறுதியில் எதைப் பார்ப்பது என்றே குழப்பம். கடைசியில் மனசு கோவைப் பக்கம் போய்விட்டது. நந்தகுமார் சேகர் போன்ற பையன் முன்பே அந்தச் சட்டையைப் போட்டு ஆடியிருக்கிறார், அதனால் முழுக்க அந்நிய அணி என்றும் தோன்றவில்லை.

#6 | கொல்கத்தாத் தமிழன்

இந்த இழையில் எதிரணி ரசிகன் ஒருவனும் பேசலாம் அல்லவா? அப்பா வேலைக்காகக் கொல்கத்தா வந்தார், நான் இங்கேயே வளர்ந்தேன். சிவப்பும் மஞ்சளும் ரத்தத்தில் ஏறிவிட்டது. நான் ஈஸ்ட் பெங்கால்.

அந்த சீசனை நினைத்தால் இன்றும் தொண்டையில் அடைக்கிறது. ஐ-லீக் என்று பெயர் மாறிய பிறகு நாங்கள் ஒரு தடவைகூடக் கோப்பை வாங்கவில்லை. கடைசியாகத் தேசிய லீகை ஜெயித்தது 2003-04இல். 2018-19இல் அலெஹாண்ட்ரோ மெனெண்டஸ் பயிற்சியில் எல்லாம் கூடி வந்தது. எங்கள் ஊரின் இன்னொரு பெரிய அணியான மோகன் பகானை இரண்டு டெர்பியிலும் வீழ்த்தினோம், 3-2, அப்புறம் 2-0. கேரளத்துப் பையன் ஜாபி ஜஸ்டின் ஒன்பது கோல் போட்டார், இந்திய ஆட்டக்காரர்களில் அந்த சீசனில் அவர்தான் அதிகம். அவரும் கடைசிக் கட்டத்தில் ஆறு ஆட்டத் தடையில் மாட்டிக்கொண்டார்.

ஒரே ஒரு புள்ளியில் இழந்தோம். எங்கே இழந்தோம் தெரியுமா? சென்னை சிட்டியோடு ஆடிய இரண்டு ஆட்டத்திலும் 2-1, 2-1 என்று தோற்றோம். அதில் ஏதாவது ஒன்றை டிரா செய்திருந்தால் எங்களுக்கு 43, உங்களுக்கு 41. கோப்பை கொல்கத்தாவுக்கு வந்திருக்கும். நூறு வருடத்தை நெருங்கிக்கொண்டிருந்த கிளப், சொந்த ஊரில், நவம்பர் மாதம், ஒரு புது அணியிடம் கடைசி நிமிடங்களில் நெஸ்டர் கோலில் தோற்றது. அன்றைக்கு அது சீசனின் ஒரு சாதாரண தோல்வியாகத்தான் தெரிந்தது. மார்ச்சில்தான் அதன் விலை என்னவென்று புரிந்தது.

அதனால் #1இல் கேட்ட கேள்விக்கு என் பதில்: ஜெயித்தது நெஸ்டரால். மான்சியைப் பிடிக்க நாங்கள் ஆள் போட்டோம். நெஸ்டர் எங்கே நிற்கிறார் என்பதே எங்களுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

#7 | புதுமுகம் 07

அண்ணா, நான் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். கடைசி நாள் ஆட்டத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், முழுசாக யாரும் சொன்னதில்லை. கோவை கேலரி அண்ணா நேரில் இருந்தீர்களா? என்ன கணக்கு இருந்தது, எப்படி முடிந்தது என்று சொல்ல முடியுமா?

#8 | கோவை கேலரி

இருந்தேன் தம்பி. சொல்கிறேன்.

முதலில் கடைசிக்கு முந்தைய ஆட்டம். அதில் ஜெயித்திருந்தால் அன்றைக்கே கோப்பை எங்களுடையது. சர்ச்சில் பிரதர்ஸிடம் 3-2 என்று தோற்றோம். அந்த ஒரு வாரம் தூக்கம் சரியில்லை. கடைசி நாளுக்கு வரும்போது நாங்கள் 40, ஈஸ்ட் பெங்கால் 39.

2019 மார்ச் 9. இங்கே நாங்களும் மினர்வா பஞ்சாபும். மினர்வாதான் நடப்புச் சாம்பியன், அந்த சீசனில் கீழே தடுமாறிக்கொண்டிருந்தாலும் சாம்பியன் சாம்பியன்தான். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவும் ஈஸ்ட் பெங்காலும். நாங்கள் ஜெயித்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம். டிரா செய்து, அவர்கள் ஜெயித்தால் 41க்கு 42, கோப்பை போச்சு.

மூன்றாவது நிமிடம் மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் போட்டுவிட்டார். கேலரி முழுக்க அப்படியே அடங்கிப்போனது. இதற்கு முன் அத்தனை பேர் இருக்கும் இடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. முதல் பாதி முழுக்க எதுவும் நடக்கவில்லை. பந்து நம்மிடம்தான், ஆனால் கால்கள் கட்டிப்போட்ட மாதிரி. எல்லார் கையிலும் போன், ஒரு கண் திடலில், ஒரு கண் கோழிக்கோட்டில்.

இரண்டாம் பாதி, 56வது நிமிடம், பெனால்டி. மான்சி. நான் பார்க்கவில்லை, முன்னால் நின்றவரின் முதுகைத்தான் பார்த்தேன். சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டேன். 1-1.

69வது நிமிடம் கௌரவ் போரா. அசாம் பையன், பின்கள ஆட்டக்காரர். கோல் போடுவது அவர் வேலையே இல்லை. 2-1. கிட்டத்தட்ட அதே சமயம் கோழிக்கோட்டிலிருந்து செய்தி, மார்கஸ் ஜோசப் கோகுலத்துக்காகப் போட்டுவிட்டார் என்று. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். முடிந்தது என்று நினைத்தோம்.

முடியவில்லை. கடைசிக் கால் மணி நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் ஒரு பெனால்டியில் சமன் செய்தது, அப்புறம் லால்டன்மாவியா ரால்தே போட்டு 2-1. இப்போது இங்கே மினர்வா ஒரே ஒரு கோல் போட்டால் இருபது ஆட்ட உழைப்பும் அவ்வளவுதான். அந்தச் சில நிமிடங்களை என்னால் விவரிக்க முடியாது. பக்கத்தில் ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு மந்திரம் மாதிரி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். கூடுதல் நேரத்தில் மறுபடியும் கௌரவ் போரா. 3-1.

முதல் ஆட்டத்தில் "தப்பிச்சா போதுங்க" என்று சொன்ன அந்தப் பெரியவர் இரண்டு வரிசை கீழே இருந்தார். திரும்பிப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். பேச முடியவில்லை அவருக்கு. எனக்கும்.

#9 | கணக்குப்பிள்ளை

அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு சின்னத் தகவலைச் சேர்க்கிறேன், தம்பிக்கு உதவும்.

இடைவேளையில் சென்னை சிட்டி 0-1 என்று பின்தங்கியிருந்தது, கோழிக்கோட்டில் 0-0. அந்த நிலையில் ஆட்டங்கள் முடிந்திருந்தால் இருவருக்கும் 40 புள்ளி. அப்போது இரு அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் முடிவைத்தான் பார்ப்பார்கள். அதில் இரண்டையும் சென்னை சிட்டி ஜெயித்திருந்தது. அதாவது கேலரி அமைதியாக இருந்த அந்தப் பாதி முழுக்கக் கோப்பை கோவையில்தான் இருந்தது. கொல்கத்தா நண்பர் சொன்ன அந்த இரண்டு தோல்விகளும் புள்ளியில் மட்டும் கணக்கில்லை, சமன் வந்தாலும் பாதுகாப்பாக நின்றன.

அப்புறம், #3இல் எட்டாம் எண் சொன்ன பிளாசா உதாரணத்தை நான் யோசிக்கவில்லை. அது சரியான வாதம். மான்சி பற்றி எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

#10 | கோவை கேலரி

அந்த இடைவேளைக் கணக்கு எனக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன் சார்!

#11 | பனித்திடல்

எல்லாரும் முதல் இரண்டு இடங்களையே பேசுகிறீர்கள். அந்த சீசனின் பெரிய கதை மூன்றாவது இடத்தில் இருந்தது என்பது என் எண்ணம்.

ரியல் காஷ்மீர். 2014 வெள்ளத்துக்குப் பிறகு, பையன்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஸ்ரீநகரில் பிறந்த கிளப். 2016இல் தொடங்கி 2018இல் ஐ-லீகுக்கு ஏறியது. காஷ்மீரிலிருந்து அங்கே வந்த முதல் அணி. பயிற்சியாளர் டேவிட் ராபர்ட்சன், ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸில் ஆடியவர். அவர் மகன் மேசனும் அணியில். முதல் ஆட்டத்திலேயே சாம்பியன் மினர்வாவை அவர்கள் ஊரில் 1-0 என்று ஜெயித்தார்கள். பிப்ரவரி வரை கோப்பைப் போட்டியில் உண்மையாகவே இருந்தார்கள்.

2019 பிப்ரவரி 14, காஷ்மீரின் புல்வாமாவில் குண்டுத் தாக்குதல். நாலு நாள் கழித்து மினர்வா ஸ்ரீநகரில் ஆட வேண்டும். பாதுகாப்பு உறுதி வேண்டும் என்று சொல்லி அவர்கள் போகவில்லை, அந்த ஆட்டம் அன்றைக்கு நடக்கவில்லை. விஷயம் நீதிமன்றம் வரை போனது. ஈஸ்ட் பெங்காலுடனான ஆட்டம் டெல்லிக்கு மாறியது. குளிரிலும் கூட்டம் கூடிய தன் சொந்தத் திடலில் ஆட வேண்டிய மிக முக்கியமான நேரத்தில் அந்த அணிக்கு அது கிடைக்கவில்லை.

யாரையும் குறை சொல்லவில்லை. பயம் நியாயமானது. ஆனால் அந்த ஊர்ப் பையன்களுக்கு அந்த வாரம் என்ன மாதிரி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

#12 | கொல்கத்தாத் தமிழன்

டெல்லி ஆட்டத்தில் நாங்கள்தான் 2-1 என்று ஜெயித்தோம். ஸ்ரீநகரில் அந்தக் குளிரில், அவர்கள் கூட்டத்துக்கு முன்னால் ஆடியிருந்தால் ஜெயித்திருப்போமா? மனசாட்சியோடு சொன்னால், தெரியாது. அந்தப் புள்ளிகள் இல்லாவிட்டால் கடைசி நாள் என்பதே எங்களுக்கு இருந்திருக்காது. இது இத்தனை வருடம் எனக்குத் தோன்றவில்லை. பனித்திடல் எழுதியதைப் படித்த பிறகுதான் தோன்றுகிறது.

#13 | புதுமுகம் 07

இதையெல்லாம் டிவியில் காட்டவில்லையா? அப்பா அப்போது விளையாட்டுச் சேனல்கள் எல்லாம் வைத்திருந்தார், எனக்குப் பார்த்த ஞாபகமே இல்லை.

#14 | எட்டாம் எண்

தொடக்கத்தில் காட்டினார்கள் தம்பி. சீசன் பாதி போனதும் ஒளிபரப்பும் ஆட்டங்களைக் குறைத்துவிட்டார்கள், எல்லா ஆட்டமும் வராது என்று. கிளப்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. நான் பயிற்சி கொடுக்கும் பையன்களிடம் "இன்றைக்கு எட்வின் எப்படி நகர்கிறார் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று வீட்டுப்பாடம் மாதிரி சொல்வேன். அப்புறம் பல வாரங்கள் சொல்ல முடியாமல் போனது. பையன்கள் ஐரோப்பிய ஆட்டங்களைப் பார்த்தார்கள், தப்பில்லை. ஆனால் தன் ஊர் மொழி பேசும் ஒருத்தர் அப்படி ஆடுவதைப் பார்ப்பதற்கு அது ஈடாகாது.

#15 | வியாசை வடக்கு

இதில்தான் என் ஆதங்கமே இருக்கிறது. அந்தக் கோப்பைக்குப் பரிசு என்ன? வேறு எந்த நாட்டிலும் இப்படி ஒரு லீகை ஜெயித்தால் மேலே ஏறுவார்கள். இங்கே ஐ.எஸ்.எல். பக்கம் கதவு மூடியிருந்தது. 2016-17இல் ஐசால், 2017-18இல் மினர்வா, 2018-19இல் சென்னை சிட்டி. மூன்று வருடம் வரிசையாகச் சின்ன அணிகள் கொல்கத்தாவின் பெரிய கிளப்களைத் தாண்டி ஜெயித்தன. மூன்றுக்கும் மேலே போக வழியில்லை. அடுத்த சீசனிலிருந்து ஐ.எஸ்.எல்.தான் முதல் லீக் என்று ஆகிவிட்டது, ஐ-லீக் தானாக இரண்டாம் படிக்கு இறங்கியது. சாம்பியன் அணி அடுத்த சீசனுக்குக் களத்தில் இறங்கும் முன்பே கீழே போனது.

ஐ-லீகை ஜெயித்து மேலே ஏறும் வழி 2022-23இல்தான் திறந்தது. முதலில் ஏறியது யார் தெரியுமா? பஞ்சாப். கடைசி நாளில் கோவையில் 3-1 என்று தோற்ற அதே மினர்வாதான், வேறு பெயரில், வேறு உரிமையாளர்களோடு. நாலு வருடம் தாக்குப்பிடித்திருந்தால் அந்த வாய்ப்பு நமக்கும் கிடைத்திருக்கும்.

#16 | கணக்குப்பிள்ளை

வழி இல்லாதது உண்மை. ஆனால் கோகுலம் கேரளாவைப் பாருங்கள். அவர்களுக்கும் அதே மூடிய கதவுதான். 2018-19இல் பட்டியலில் கீழே கிடந்த அணி 2020-21இலும் 2021-22இலும் சாம்பியன். கதவு மூடியிருந்தும் நின்றார்கள். அதனால் அமைப்பை மட்டும் குறை சொல்லிவிட்டு நகர முடியாது. சென்னை சிட்டிக்கு வாய்ப்பு இல்லாமல் இல்லை. 2019 தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. அதே ஆண்டு சூப்பர் கோப்பையில் பெங்களூரு எஃப்.சி.யை, அதாவது அந்த சீசனின் ஐ.எஸ்.எல். சாம்பியனை, 2-1 என்று வெளியேற்றினார்கள். அப்படிப்பட்ட அணி 2020-21க்குப் பிறகு ஐ-லீகிலேயே இல்லை.

#17 | கோவை கேலரி

சார், அந்த பெங்களூரு ஆட்டம்தான் என் பக்கத்துச் சாட்சி. மேல் லீக் சாம்பியனை ஜெயித்த அணியை "கீழ் லீக் அணி" என்று எப்படிச் சொல்வது?

அணி கலைந்தது எப்படி என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எட்வின் 2019இலேயே சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். நெஸ்டர் ஐதராபாத் பக்கம். 2020 தொடக்கத்தில் மான்சியை ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டா எடுத்துக்கொண்டது. ரொமாரியோ கோவா எஃப்.சி., அஜித் பெங்களூரு. ஒவ்வொருவரும் போனது நியாயமானது, அவர்கள் வாழ்க்கை. ஆனால் ஆள் போனால் இன்னொரு ஆளைக் கொண்டுவருவதற்கு அடியில் ஒரு அமைப்பு வேண்டும். பணம் எங்கே நின்றது, முடிவு எங்கே தவறியது என்பதெல்லாம் உள்ளே இருந்தவர்கள் சொல்ல வேண்டியது. நான் கேலரிக்காரன். எனக்குத் தெரிந்தது, ஒரு சீசனில் நாற்காலி தேடினோம், இரண்டு வருடம் கழித்துத் தேடிப் போக அணியே இல்லை.

அந்த இடத்தைத் தமிழ்நாட்டின் வேறு எந்தக் கிளப்பும் ஐ-லீகில் பிடிக்கவில்லை. 2019 மே மாதம் மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் லீகை ஜெயித்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரே சீசனில் ஆண்கள் ஐ-லீக், இந்தியப் பெண்கள் லீக் இரண்டு கோப்பைகளும் தமிழ்நாட்டில் இருந்தன. அந்த வசந்தத்தை நினைத்தால் இன்றும் நம்ப முடியவில்லை.

#18 | தூத்தூர் கடற்கரை

கணக்குப்பிள்ளை சார் கோகுலத்தைச் சொன்னது நல்ல உதாரணம், ஆனால் அங்கே மலப்புறமும் கோழிக்கோடும் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்துக்கே ஆயிரக்கணக்கில் கூடும் மண். எங்கள் கடற்கரையில் அந்தக் கூட்டம் உண்டு, ஆனால் கோவை எங்களுக்கு ஒரு ராத்திரிப் பயணம். அணி ஒரு மூலையில், ஆட்டக்காரர் பிறக்கும் ஊர்கள் இன்னொரு மூலையில். யாரையும் குறையாகச் சொல்லவில்லை, தூரம் அப்படி.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இப்போதும் கிளம்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேரளத்துக்கும் கோவாவுக்கும் போகிறார்கள்.

#19 | எட்டாம் எண்

புதுமுகம் தம்பி, உனக்கு ஒரு வேலை. கடைசி நாள் ஆட்டத்தைத் தேடிப் பார்ப்பதற்கு முன்னால் 2018 நவம்பரில் கொல்கத்தாவில் நடந்த ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தைப் பார். முழு ஆட்டம் கிடைத்தால் முழு ஆட்டம், இல்லாவிட்டால் கிடைத்த அளவு. கோலைப் பார்க்காதே. பந்து நெஸ்டரிடம் வருவதற்கு முன்னால் இரண்டு ஓரங்களிலும் யார் எங்கே ஓடுகிறார்கள் என்று மட்டும் பார். கோவை கேலரி நண்பர் சொல்வது சரியா, கொல்கத்தா நண்பர் சொல்வது சரியா என்று நீயே சொல்.

#20 | கொல்கத்தாத் தமிழன்

அந்த ஆட்டத்தை நான் இன்று வரை திரும்பப் பார்க்கவில்லை. தம்பி பார்க்கும்போது சொல், நானும் சேர்ந்து பார்க்கிறேன்.

#21 | புதுமுகம் 07

சனிக்கிழமை பரீட்சை முடிகிறது அண்ணா. அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்குப் பார்க்கலாமா? முதல் பாதி முடிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.